காந்தள் ஏறும் புதர்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஒரு மலரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். எந்த மலர் என்று அவர் சொல்லவில்லை. நான் காந்தளைத் தேர்ந்துகொண்டேன். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கொய்து பாறையிலே குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் முதலாவதாக நிற்பது காந்தள். நம் மாநிலத்தின் மலர் என்ற சிறப்பும் அதற்கே உரியது. நம் வட்டத்துக் கவியரங்குகளில் தாமரைக்கு அடுத்தபடியாக அதிகம் ஒலித்த பூப்பெயரும் அதுவாகவே இருக்கக்கூடும். ஆயினும் இந்த மலரைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் அந்தப் பெருமைகள் அல்ல. அதன் பொருட்டு நான் ஒருமுறை வெட்கப்பட நேர்ந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் குறுந்தொகையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். காந்தள் என்றால் செந்நிறப் பூ, மகளிர் விரலுக்கு உவமை, முருகனுக்கு உகந்தது என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். கவிதையும் எழுதுவேன். அப்படி எழுதிய ஒன்றில் காந்தளின் மணம் காற்றில் மிதந்து ஊருக்குள் வருவதாகப் பாடியிருந்தேன். ஒரு கவியரங்கில் அதற்குக் கைதட்டும் கிடைத்தது. அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் சிறுமலை அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு புதரின் உச்சியில் தீக்கொழுந்துபோல் ஏதோ தெரிந்தது. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மையாரிடம் அஃது என்ன பூ என்று கேட்டேன். "கண்வலிப்பூங்க" என்றார். காந்தள்தான் அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவலோடு முகத்தை அருகே கொண்டுசென்று முகர்ந்தேன். அவர் சிரித்துவிட்டார். "இதுல வாசம் எங்கிட்டு இருக்குங்க அய்யா? ஆடுகூட வாய் வைக்காது" என்றார்.

பல ஆண்டுகள் பாடம் சொன்னவன், அரங்கில் கைதட்டு வாங்கியவன், அந்த ஒரு சொல்லுக்கு முன் மாணவனாக நின்றேன். அன்று கற்கத் தொடங்கியதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் அந்தச் செடியைப் பார்ப்போம். தாவர நூலார் இதனைக் குளோரியோசா சூப்பர்பா என்பர். இப்பெயரை 1753ஆம் ஆண்டில் இட்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். நாட்டு மக்களோ தாம் கண்டதைக் கொண்டே பெயரிட்டனர். கிழங்கு இரு கவடாகப் பிரிந்து கலப்பையை நினைவூட்டுவதால் கலப்பைக்கிழங்கு என்றனர். கார்த்திகையில் பூத்துக் குலுங்குவதால் கார்த்திகைப்பூ என்றனர். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையினால் கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்றனர். உழவனின் கருவியும் மாதமும் அச்சமும் ஒரே செடிக்குப் பெயராகி நிற்பது நம் மொழியின் அழகு.

இது கொடி. ஆனால் கொடிகளுள் இதன் வழி தனி வழி. மற்றைக் கொடிகள் பலவும் தண்டினால் சுற்றிக்கொண்டோ, தனியே தோன்றும் பற்றுக்கம்பியைக் கொண்டோ ஏறும். காந்தளுக்கோ இலையே கை. இலையின் நுனி நீண்டு, சுருண்டு, அகப்பட்ட சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நுனியால் பருத்த அடிமரத்தைப் பற்ற இயலாது. மெல்லிய கிளையும் சுள்ளியுமே அதற்கு ஏற்றவை.

மலரோ இன்னும் வியப்புக்குரியது. மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக மடங்கி மேல்நோக்கி எழும். விளிம்பு அலையலையாய் நெளிந்திருக்கும். முதலில் பசுமை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், நாள் செல்லச் செல்ல முழுச் சிவப்பு என ஒரே பூ நிறம் மாறிக்கொண்டே போகும். ஒரு கொடியில் பல நாளைய பூக்கள் ஒருங்கே நிற்பதால் மஞ்சளும் செம்மையும் கலந்து எரிவது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆறு மகரந்தத் தாள்களும் ஆரக்கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே முறித்து வைத்தாற்போல் ஒரு புறமாகத் திரும்பியிருக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாதிருக்க இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. தேனுண்ண வரும் பட்டாம்பூச்சியின் சிறகில் மகரந்தம் படிந்து வேறொரு பூவுக்குச் செல்கின்றது.

விரல்களைக் குவித்து மேலே உயர்த்திய கையைப் போல அம்மலர் தோன்றுவதை நேரில் கண்ட பிறகுதான், சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு அதனை உவமித்தது எவ்வளவு துல்லியம் என்பது விளங்கிற்று. பாம்பின் படத்திற்கு அதனை உவமித்தவரும் உண்டு. அலைபோல் நெளிந்து எழும் இதழை மாலை வெளிச்சத்தில் பார்த்தவர் அதனை மறுக்கமாட்டார்.

இனி, அது வாழும் இடம். காந்தள் அடர்ந்த பெருங்காட்டின் இருளுக்குள் வாழ்வதன்று. வெட்டவெளியிலும் அது தனித்து நில்லாது. காடு முடிந்து வெளி தொடங்கும் ஓரம், இலையுதிர் காட்டின் இடைவெளி, குன்றின் சரிவிலுள்ள முட்புதர், பழைய உயிர்வேலி, இவையே அதன் இருப்பிடம். சூரையும் காரையும் இண்டும் உசிலும் பின்னிக் கிடக்கும் புதரின் அடியில், சருகு மட்கிய மண்ணில், அதன் கிழங்கு கோடை முழுவதும் உறங்கும். மழை விழுந்தால் முளைக்கும். நிழலில் முளைத்து, முள்ளுக்குள் நுழைந்து, சுள்ளி சுள்ளியாகப் பற்றி ஏறி, புதரின் தலைக்குமேல் வந்துதான் பூக்கும். வேர்க்கு நிழலும் மலர்க்கு வெயிலும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது புதர் ஒன்றே. தை பிறக்கும் காலத்தில் காய் வெடித்துச் செந்நிற விதைகள் வெளிப்படும். பிறகு கொடி காய்ந்து மண்ணோடு மண்ணாகும். அடுத்த மழைவரை அங்கே காந்தள் இருந்ததற்கான அடையாளமே இராது.

குறிஞ்சி நிலத்துக்கு மட்டும் உரியது காந்தள் என்று நாம் எழுதிவிடுகிறோம். கொல்லிமலை, சேர்வராயன், சவ்வாதுமலை, மேற்குமலையின் அடிவாரங்கள் என்று அது மலைசார்ந்து வாழ்வது உண்மையே. ஆனால் கோடிக்கரையின் கடலோரக் காட்டுப் புதர்களிலும் அது பூக்கின்றது. ஈழத்திலும் பூக்கின்றது. ஆப்பிரிக்காவிலும் பூக்கின்றது, சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. ஆகவே நமக்கு மட்டுமே வாய்த்த மலர் என்று பெருமை கொள்ளவேண்டா. ஈராயிரம் ஆண்டுகளாக அதனை உற்றுப் பார்த்துப் பாடிய மொழி நம்முடையது. அந்தப் பெருமையை மட்டும் உரிமையோடு கொள்ளலாம்.

அந்தப் பார்வைக்கு இரண்டு பாடல்களைச் சான்றாகக் கொள்கிறேன்.

ஒன்று, குறுந்தொகையின் முதற்பாட்டு. கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்பது. பாடியவர் திப்புத்தோளார். தலைவன் காந்தட் பூவைக் கையுறையாகக் கொண்டு வருகிறான். தோழி அதனை ஏற்கவில்லை. எங்கள் குன்றம் முருகனுடையது, அங்கே குருதிபோல் சிவந்த காந்தள் நிறைந்து கிடக்கின்றது என்கின்றாள். அவ்வளவே. "வேண்டா" என்ற சொல்லை அவள் சொல்லவேயில்லை. எங்கும் பூத்துக்கிடப்பதை எதற்குக் கொண்டுவந்தாய் என்பது கேட்பவனுக்குத் தானே விளங்கும்.

கவிஞர் பெருமக்களே, இந்தப் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காந்தளின் அழகில் இல்லை. அது அந்தக் குன்றில் மலிந்திருக்கிறது என்ற செய்தியில் இருக்கிறது. குன்றில் காந்தள் மலிந்திராவிட்டால் தோழியின் மறுப்புக்கு அடிப்படையே இல்லை. பாட்டு பொய்த்துவிடும். பாடல்களில் மலரை வெறும் அணியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே மலர் அணியன்று. வழக்கில் நிறுத்தப்பட்ட சான்று. அந்தச் சான்றுக்கு வலிமை தருவது நிலம்.

மற்றொன்று, அதே குறுந்தொகையில் 361ஆம் பாட்டு. கபிலர் பாடியது. தலைவனுடைய மலையில் மாலையில் மழை பெய்கிறது. காலையில் வந்த நீர்ப்பெருக்கு ஒரு காந்தட் செடியைத் தலைவியின் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவன் மலையிலிருந்து வந்தது என்பதால் அவள் அதனை இலை வாடும்படி தழுவிக்கொள்கிறாள். வீட்டுக்கு எடுத்துச்சென்று நடுகின்றாள். தாய் அதனைத் தடுக்கவில்லை. தடுக்காத அந்தத் தாய்க்குக் கைம்மாறாக மேலுலகமே தந்தாலும் சிறிது என்று தலைவி நன்றி பாராட்டுகிறாள்.

நான் இதனை வகுப்பில் அன்பின் மிகுதிக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே நடத்தினேன். செடியை அறிந்த பிறகு வேறொன்றும் தெரிந்தது. கபிலர் வெள்ளத்தில் ஒரு பூவை மிதக்கவிடவில்லை. கிழங்கோடு கூடிய முழுச் செடியை அனுப்புகின்றார். மலைச்சரிவின் தளர்ந்த மண்ணில் இருக்கும் கிழங்கை மழைநீர் அரித்துக் கொண்டுவருவது நடக்கக்கூடியதே. கிழங்கு முழுமையாக இருந்தால் வேறிடத்தில் நட்டாலும் பிழைக்கும். பூவாக இருந்தால் வாடி முடிந்துவிடும். தலைவி நட்டு வளர்க்க முடிந்தது அது கிழங்காக வந்ததனால்தான். காதலுக்குக் கபிலர் கொடுத்த நம்பிக்கை ஒரு தாவர உண்மையின்மேல் நிற்கின்றது.

இங்கே ஒரு தடையை நீங்கள் எழுப்பலாம். சங்கப் பாடல்கள் காந்தளை நறுமணம் உடையதாகப் பாடுகின்றனவே, ஆடு மேய்க்கும் அம்மையாரோ மணமில்லை என்றாரே, இரண்டும் ஒரே செடிதானா என்று கேட்கலாம். இது நியாயமான வினா. பி. எல். சாமி போன்ற அறிஞர்கள் சங்கத் தாவரங்களை அறிவியற் பெயர்களோடு பொருத்திப் பார்க்க முனைந்ததும் இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதற்கே. விரல் போன்ற தோற்றம், செந்நிறம், மலைச்சரிவு, மழைக்காலம், நட்டால் பிழைக்கும் கிழங்கு ஆகிய அனைத்தும் இன்றைய செங்காந்தளோடு பொருந்துகின்றன. மணம் ஒன்றே பொருந்தாது நிற்கின்றது. அது மழையில் நனைந்த காட்டின் மணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் என் கவிதையில் நான் எழுதிய மணத்திற்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் காட்டில் நின்று பாடினார்கள். நான் நூலைப் பார்த்து எழுதினேன்.

அன்று சிறுமலை அடிவாரத்தில் நான் செய்த இன்னொரு பிழையையும் மறைக்க விரும்பவில்லை. கபிலரின் தலைவியைப்போல் நானும் காந்தளை வீட்டில் நட விரும்பினேன். ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக் கிழங்கை இழுத்தேன். வந்தது. கொண்டுபோய் நட்டேன். அடுத்த மழைக்காலம் முழுவதும் காத்திருந்தேன். முளைக்கவேயில்லை. பின்னரே காரணம் அறிந்தேன். காந்தட் கிழங்கின் ஒவ்வொரு கவட்டிலும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான் இருக்கும். நுனி முறிந்தால் அந்தக் கவடு முளைக்காது. ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன்னைச் செலவழித்து ஓரிரு புதுக் கவடுகளை ஈன்றுவிட்டு அழியும். ஆண்டு முழுவதும் அது உழைத்துச் சேர்த்ததை ஒரே இழுப்பில் நான் ஒடித்துவிட்டேன். விதையிலிருந்து வளர்ந்து பூக்க வேண்டுமானாலோ மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

நான் ஒடித்தது ஒன்று. பிறர் அகழ்ந்தது பல. காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் கடுநச்சுப் பொருள் உண்டு. வேறு கிழங்கென்று மயங்கி இதனை உண்டவர் உயிரிழந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆடு வாய் வைக்காததன் காரணமும் அதுவே. ஆனால் அதே பொருள் உரிய அளவில், யூரிக் அமிலம் மிகுவதால் மூட்டில் வரும் கடும் வலிக்கு மருந்தாகின்றது. உயிரணு பிரிவதைத் தடுக்கும் அதன் ஆற்றலைப் பயன்படுத்திச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று 1937இல் கண்டறியப்பட்டது. ஆகவே உலகச் சந்தையில் காந்தள் விதைக்கு விலை உண்டு. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போன ஆண்டுகளும் உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், செயங்கொண்டம், வேதாரணியம் பகுதிகளில் உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். சூல்தண்டு விலகி நிற்பதால் காலைப் பொழுதில் ஆட்கள் வரிசை வரிசையாகச் சென்று பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கின்றனர். பட்டாம்பூச்சியின் வேலையை அங்கே மனிதர் செய்கின்றனர்.

அந்த உழவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வறண்ட நிலத்தில் அவர்களுக்குச் சோறு போடும் பயிர் அது. அவர்கள் அதனை ஏற்றிவிடப் பந்தலாகப் பயன்படுத்துபவற்றுள் முட்கிளுவையும் விராலியும் உண்டு. வயலில் நட்டாலும் காந்தளுக்குப் புதர் வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். ஆனால் வயலில் நடுவதற்கான கிழங்கு தொடக்கத்தில் காட்டிலிருந்தே வந்தது. மருந்துக்காகவும் நடவுக்காகவும் குன்றுகளில் கிழங்கு அகழப்பட்டது. கபிலர் காலத்தில் மலையிலிருந்து ஒரு செடி தானே வந்தது. நம் காலத்தில் மூட்டை மூட்டையாக எடுத்துவரப்பட்டது.

காந்தள் உலகிலிருந்து அழிந்துவிடும் நிலையில் உள்ள இனம் அன்று. அப்படிச் சொல்லி உங்களை நான் அச்சுறுத்தமாட்டேன். வயல்களில் அது ஏக்கர் கணக்கில் நிற்கின்றது. நான் சொல்லவருவது வேறு. ஓர் இனம் உலகில் பிழைத்திருந்தும் உங்கள் ஊர்க் குன்றிலிருந்து மறைந்துபோகலாம். அன்று அந்த அம்மையாரிடம், முன்பு இங்கே இந்தப் பூ நிறைய இருந்ததா என்று கேட்டேன். கையை நீட்டி ஒரு சரிவைக் காட்டினார். "அங்கிட்டுப் பூராம் இருந்துச்சு. பொதரு இருந்தாத்தானே அது ஏறும்? பொதர வெட்டிப்புட்டா அப்புறம் எங்கிட்டு ஏறும்?" என்றார். அவர் காட்டிய சரிவு மொட்டையாக இருந்தது.

இந்தச் சொல்லே நான் இன்று உங்களிடம் சேர்க்க வந்த செய்தி. புதரை நாம் மதிப்பதில்லை. மரம் வெட்டினால் நால்வர் கேட்பர். புதரை வெட்டினால் இடத்தைத் துப்புரவு செய்தார் என்று பாராட்டுவர். கிளுவை வேலியை அகற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அது முன்னேற்றம் எனப்படும். குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படுகின்றன. எஞ்சிய இடத்தில் உண்ணிச்செடி மண்டிவிடுகிறது. இவற்றுள் எதுவும் காந்தளைக் குறிவைத்துச் செய்யப்படுவதன்று. ஆயினும் காந்தள் போய்விடுகிறது. ஒரு மலரைக் காப்பாற்றுவதென்றால் அது பற்றி ஏறும் சூரையையும் காரையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். காந்தள் என்பது தனி மலரன்று. ஒரு புதரின் உச்சியில் தெரியும் பகுதிக்கே நாம் காந்தள் என்று பெயரிட்டிருக்கிறோம்.

குறுந்தொகைத் தோழி இன்று நம் ஊர்க் குன்றின் அடியில் நின்றால், எங்கள் குன்றில் இல்லாததா இது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்குமா? அவள் அந்தப் பூவை வாங்கிக்கொள்ள நேரிடும். பாட்டு தலைகீழாகிவிடும். பாட்டைக் காப்பது என்றால் ஓலையையும் அச்சையும் காப்பது மட்டும் அன்று. பாட்டை மெய்யாக்கிய நிலத்தைக் காப்பதும் அதனுள் அடங்கும். உ. வே. சாமிநாதையர் குறுந்தொகையைப் பதிப்பித்து உரையோடு 1937இல் வெளியிட்டார். சொல் நம் கைக்குப் பிழையின்றி வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லுக்குரிய பொருளைச் சரிவில் நிறுத்திவைக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்திருக்கிறது.

வட்டத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைத்து முடிக்கின்றேன். பதினோராம் ஆண்டில், ஐப்பசி அல்லது கார்த்திகையில் ஒரு கூட்டத்தை இந்த மண்டபத்திற்கு வெளியே, ஒரு குன்றின் அடிவாரத்தில் நடத்துவோம். கவிதை படிக்க வேண்டா, பார்த்துவிட்டு வருவோம். அங்கே ஆடு மேய்ப்பவர் எவரேனும் இருந்தால் அவரையே அன்றைய தலைவராகக் கொள்வோம். இரண்டாவது, எவரும் கிழங்கைத் தோண்ட வேண்டா. நான் தோண்டியது போதும். நடவேண்டுமென்று தோன்றினால் பயிரிடும் உழவரிடம் வாங்கி, வேலியோரம் ஒரு புதரையும் விட்டுவைத்து நடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் நஞ்சையும் மறவாதீர்கள்.

மணம் வீசும் காந்தளைப் பாடிய என் கவிதையைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்கு ஈடாக இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் புதரைப் பார்க்க ஆண்டுதோறும் செல்கின்றேன். சென்ற கார்த்திகையில் அதன் தலைமேல் ஏழு பூக்கள் இருந்தன.